கொண்டோடக்கூடிய சொத்து

"இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குக் காசின்ர அருமை தெரியாது."

திருகோணமலை டச் பே கடற்கரையில் பின்னேரம் நடக்க வருகிற பென்சன்காரரோடு எந்தக் கதையைத் தொடங்கினாலும், கோயில் திருவிழா, தேர்தல், கொலஸ்ட்ரோல் எல்லாம் கடந்து கடைசியில் இந்த வசனத்தில்தான் வந்து நிற்கும். நானும் தலையை ஆட்டிவைப்பேன். வயதில் மூத்தவர்களோடு கடற்கரையில் நின்று தர்க்கப்படுவது அழகில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஒரு கேள்வி எழும்பும். எந்தக் காசின் அருமை? 1970இல் அரசாங்கமே செல்லாது என்று சொன்ன காசா? 1983இல் கடையோடு எரிந்த காசா? 2022இல் வங்கிப் புத்தகத்துக்குள் இருந்தபடியே கரைந்துபோன காசா?

எங்கள் குடும்பத்தில் இப்போது இது வெறும் கடற்கரைக் கதையில்லை. அன்புவழிபுரத்தில் இருக்கிற என் அக்கா தன் வீட்டுக்கு மேல்மாடி கட்டத் தொடங்கி வருடக்கணக்காகிறது. தூண்கள் எழும்பிவிட்டன, கூரையில்லை. தூண்களின் உச்சியில் கம்பிகள் துருவேறி நிற்கின்றன; அக்கா அவற்றில் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிறார். கிழக்கில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மகள் பிறந்த நாளிலிருந்து தகப்பன் கல் அரிகிறான், தாய் சீட்டுக் கட்டுகிறாள், அண்ணன் தம்பிமார் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறார்கள். கல்யாணம் முடிந்தால் ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் பாலையூற்றுக்கு வந்து சேர்ந்தேன். அக்காவுக்கு ஒரே மகள். கீழ்வீடு அக்காவுக்கு, மேல்வீடு மகளுக்கு என்பதுதான் கணக்கு.

அந்த மகள், என் மருமகள், போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சோறு தின்றுகொண்டிருக்கும்போது சொன்னாள்: "எனக்கு வீடு வேணாம். மேல கட்டுறதுக்கு வச்சிருக்கிற காசைத் தாங்கோ. நான் படிக்கப் போறன்."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

இந்தப் பிணக்கு யாருடைய பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இதை யோசித்துப் பார்க்கப் பார்க்க, சிக்கனம், ஊதாரித்தனம் என்று நாங்கள் ஆளுக்கொரு முத்திரை குத்துவதில் அர்த்தமில்லை என்று படுகிறது. ஒரு தலைமுறை எதைப் பொத்திவைக்கிறது என்பது, அது எதைப் பறிகொடுத்தது என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. திருகோணமலையில் பறிகொடுப்பதற்குக் குறைவிருந்ததில்லை.

அப்பம்மாவிலிருந்து சொல்கிறேன். அவருடைய காலத்தில் இந்த ஊரில் மாதச் சம்பளம் என்றால் டொக்யாட் சம்பளம். பிரித்தானியக் கடற்படைக்குக் கீழைத்தேயத்தில் இருந்த பெரிய தளங்களில் ஒன்று எங்கள் துறைமுகம். 1942 ஏப்ரல் 9இல் யப்பான்காரன் குண்டு போட்டதும் அதற்காகத்தான். அப்பப்பா அங்கே தச்சுவேலை. 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள். அப்பப்பாவுக்கு வேலை போன நாள். வெள்ளைக்காரன் போகும்போது ஏலம் விட்ட சாமான்களில் ஒரு மரப்பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. மூடியின் உள்பக்கத்தில் மூன்று கோடு ஒரு முனையில் சேருகிற அம்புக்குறி சுட்டிருக்கும். பிரித்தானிய அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம் அது. நாங்கள் சின்ன வயதில் அதைக் கோழிக்கால் என்றுதான் சொல்லுவோம்.

அந்தப் பெட்டிக்குள் இருந்ததை நான் இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். மூடியோடு பால்மா ரின்கள், பெரிசிலிருந்து சின்னன் வரை. சாக்கு வாயிலிருந்து உருவிய சணல் நூல், உருண்டையாக. கிழிந்த சேட்டுகளில் வெட்டியெடுத்த பொத்தான்கள், நிறம் பிரித்து, நூலில் கோத்தபடி. குடைக் கம்பிகள். கோதுமை மா வந்த துணிச் சாக்கு, பிரித்து, அவித்து, எழுத்து மங்கும்வரை தோய்த்து மடித்தது. அதில்தான் எங்களுக்கு உட்பாவாடையும் தலையணை உறையும் தைத்தார்கள். எதையாவது எறியப் போனால், "கிடக்கட்டும், ஒரு நாளைக்கு உதவும்" என்பார் அப்பம்மா. அந்த நாள் வந்ததா என்றால், பல தடவை வந்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதியை இறுக்கிப் பிடித்த காலத்தில் பொத்தானும் நூலும் ரின்னும் கடையில் கிடைக்காத பண்டங்கள். பாணுக்கு விடியமுன்னே வரிசை. அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோவதென்றால் வழியில் தடை போட்டுச் சோதிப்பார்கள். தம்பலகாமத்தில் வயல் இருந்த சொந்தக்காரர்கூட எங்களுக்கு அரிசி தருவதை இரகசியம்போலத்தான் செய்தார்களாம். மரவள்ளிக்கிழங்கும் சம்பலும்தான் பல நாள் இராச்சாப்பாடு.

சாமானைப் பொத்திவைத்த அப்பம்மா காசைப் பொத்திவைத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். கையில் காசு வந்தால் அன்றைக்கே செலவு. செத்தவீட்டுக்கு, கோயிலுக்கு, கேட்டு வந்தவர்களுக்குக் கைமாற்றாக. திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்த்ததில்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. வேலை போன பிறகு அப்பப்பா வீடு வீடாகப் போய்க் கதவு, யன்னல் செய்து சேர்த்த காசை அந்தப் பெட்டியின் அடியில், அரிசிக்குக் கீழே வைத்திருந்தார். 1970 ஒக்ரோபரில் நிதியமைச்சராக இருந்த என்.எம்.பெரேரா 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் இனிச் செல்லாது, குறித்த நாளுக்குள் வங்கியில் கொண்டுவந்து கொடுங்கள் என்று அறிவித்தார். பதுக்கல்காரரையும் வரி கட்டாதவர்களையும் பிடிப்பதுதான் நோக்கம். அப்பப்பா பெரிய பதுக்கல்காரரில்லை. ஆனாலும் வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, எப்படி வந்த காசு என்று சொல்லவேண்டியிருந்தது. அடுத்த வீட்டுக்காரரும் அதே வரிசையில் நின்றார். யாரிடம் எவ்வளவு இருக்கிறதென்று பின்னேரத்துக்குள் வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்பம்மாவுக்குக் காசு போன துக்கமில்லை, அது போகவுமில்லை. ஊருக்கே கணக்குக் காட்டின வெட்கம். அதற்குப் பிறகு தாள் கையில் தங்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். கிடாரம் வாங்கினார், குத்துவிளக்கு வாங்கினார், செம்புக் குடம் வாங்கினார். "தாள் தாள்தான், பித்தளை பித்தளைதான்."

பித்தளை 1983 ஜூலையில் போனது.

அந்தக் கிழமை நகரத்தில் கடைகளும் வீடுகளும் எரிந்ததைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் வீடு எரியவில்லை. திரும்பி வந்தபோது கிடாரமில்லை, விளக்கில்லை, குடமில்லை, தையல் மெசினுமில்லை. கோழிக்கால் பெட்டி மட்டும் கிடந்தது. பாரமும் வடிவில்லாததும் அதைக் காப்பாற்றின. அந்தத் தையல் மெசின் அம்மாவுடையது, தவணைக்கு எடுத்தது. மாதம் மாதம் காசு கட்டி எடுத்த சிங்கர். இதைச் சொல்வதற்குக் காரணம், "நாங்கள் கடன்பட்டுச் சாமான் வாங்கினதில்லை" என்று கடற்கரையில் சொல்கிறவர்களில் அரைவாசிப் பேர் வீட்டில் சிங்கர் தவணைப் புத்தகம் இருந்தது. அது கடனில்லையாம். அது "மெசின்".

அம்மாவின் காசுப் புத்தி அந்த வருடத்திலிருந்து மாறியது. 1985, 1987, 1990 என்று ஒவ்வொரு ஓட்டமும் அதை உறுதியாக்கியது. முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு றெக்சின் பை தொங்கும். அதைத் தொட்டால் அடி விழும். உள்ளே காணி உறுதி, எல்லோருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், அப்பாவின் நியமனக் கடிதம், எங்கள் பாடசாலை விடுகைப் பத்திரம், ஒரு போத்தல் தண்ணீர், குளுக்கோஸ் பெட்டி, பனடோல். உறுதியையும் சாட்சிப் பத்திரங்களையும் பொலித்தீனில் சுற்றி, மெழுகுதிரியால் ஓரத்தை உருக்கி ஒட்டியிருந்தார். 1990 ஜூனில் சனம் ஒரு பக்கம் காட்டுக்கும், ஒரு பக்கம் முகாமுக்கும், ஒரு பக்கம் வள்ளத்தில் இந்தியாவுக்கும் என்று சிதறியபோது நாங்கள் பாடசாலை ஒன்றில் தஞ்சம் புகுந்தோம். அங்கே பையை வைத்திருந்த குடும்பத்துக்கும் வைத்திராத குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பல வருடத்துக்குப் பார்த்தேன். அடையாள அட்டையும் சாட்சிப் பத்திரமும் இல்லாதவன் நிவாரணத்துக்கும் அலைந்தான், சோதனைச் சாவடியிலும் நின்றான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் அலைந்தான்.

பையில் இல்லாதது தாலிக்கொடி. பதினொரு பவுண். அது கழுத்தில் இருக்கும், ஓடுகிற நாட்களில் பாவாடை மடிப்புக்குள் தைத்திருக்கும். எங்கள் குடும்பத்தின் வங்கி அதுதான் என்று சொன்னால் மிகையில்லை. என் பல்கலைக்கழகச் செலவுக்கு அடைவு போனது. மீண்டது. கிணறு இறைக்க மோட்டர் வாங்கப் போனது. மீண்டது. அக்காவின் கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகிற நாளில் அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு கிடக்கக்கூடாது என்பதற்காக யாரிடமோ கடன்பட்டு ஒரு கிழமைக்கு மீட்டு, திரும்பவும் போனது. அடைவுக் கடைக்காரர் அதை நிறுக்காமலே எழுதுவார் என்று அப்பா பகிடி பண்ணுவார்.

ஆனால் அம்மா வீட்டுக்குச் சாமான் வாங்கமாட்டார். அப்பாவுக்குத் தேக்கில் ஒரு சோபா செற் வேண்டும் என்று ஆசை, கடைசிவரை நடக்கவில்லை. பிளாஸ்ரிக் கதிரைதான். "கொண்டோட ஏலாத சாமான் எங்கட சாமான் இல்ல" என்பார். அப்பம்மாவின் பெட்டியைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல். இரண்டு பேருமே சிக்கனக்காரிகள் என்றுதான் ஊர் சொல்லும். ஒருவர் பொத்தானைக்கூட எறியமாட்டார், மற்றவர் பொத்தான் வைக்கிற பெட்டியையே எறியப் பார்ப்பார். மாமியார் மருமகள் சண்டை என்று நாங்கள் சிரித்தோம்.

2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது எங்கள் வீட்டுக்கு எதுவும் நடக்கவில்லை. நிலாவெளிப் பக்கத்துச் சொந்தக்காரர் அலுமாரியோடு நகையையும் பறிகொடுத்தார்கள். அதற்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்த காலத்தில் ஒரே வீட்டுக்கு ஒரே மாதிரிக் கேத்தில் நாலைந்து கிடைத்தது. பாத்திரம், பாய், நுளம்புவலை, திரும்பவும் பாத்திரம். சாமான் என்பது தேடிச் சேர்க்கவேண்டியது என்ற எண்ணம் அன்றைக்குத்தான் பலருக்கு விட்டுப்போனது என்று நினைக்கிறேன்.

இனி என் தலைமுறை. 2009க்குப் பிறகு எங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்தது, இனி ஓடவேண்டியிருக்காது என்று. பாதைகள் திறந்தன. மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் வங்கிக் கிளையும் லீசிங் கம்பனியும் மாறி மாறி முளைத்தன. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்கள். நாங்கள் சுவர் கட்டினோம், தரைக்கு ரைல்ஸ் பதித்தோம், நிலையான வைப்பில் காசு போட்டோம். அம்மாவின் பெயரிலும் போட்டோம். அறுபது தாண்டியவர்களின் பத்து இலட்சம் வரையான வைப்புக்கு 15 சதவீத வட்டி என்று 2015இல் ஒரு திட்டம் வந்தது. மாத வட்டியில் அம்மாவுக்கு மருந்துச் செலவு போய்க் கைச்செலவுக்கும் மிஞ்சியது. "இது நல்லா இருக்கு, ஆனா எனக்கு இது விளங்கேல்ல" என்றார் அம்மா. அது 2022இல் நிறுத்தப்பட்டது.

எங்கள் காலத்தின் உண்மையான சேமிப்புப் பள்ளிக்கூடம் வங்கியில்லை, கழிவுச் சீட்டு. எங்கள் ஒழுங்கையில் ஒரு ரீச்சர் பிடித்தார். இருபது பேர், மாதம் பத்தாயிரம், ஆக இரண்டு இலட்சம். சம்பளம் எடுத்த கிழமை பின்னேரம் எல்லோரும் அவர் வீட்டு விறாந்தையில் கூடுவோம். முதல் சீட்டு பிடிக்கிறவருக்கு. அதற்குப் பிறகு, யாருக்கு அவசரமோ அவர் கழிவு கேட்கவேண்டும். "இருபது." "இருபத்தஞ்சு." ஒரு மூலையிலிருந்து மெல்லிய குரலில் "நாற்பது." எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். நாற்பதாயிரம் விட்டுக்கொடுக்கிற அளவுக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவர் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் எடுத்துக்கொண்டு போவார். கழித்த நாற்பதாயிரம் இருபது பேருக்கும் பிரிந்து, அந்த மாதம் எல்லோரும் எட்டாயிரம்தான் கட்டுவோம். கடைசிவரை பொறுத்திருந்து எடுக்கிறவருக்கு இலாபம். நான் பெரும்பாலும் கடைசி. அக்கா பெரும்பாலும் நடுவில், தூண் எழும்பும் மாதங்களில்.

2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று நாடு அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். இந்த இலக்கங்கள் பேப்பரில் வாசிக்கும்போது உறைக்காது. மேசனுடைய கணக்கில் சொன்னால் உறைக்கும்: 2021 தொடக்கத்தில் சீமெந்து பக்கெற் ஆயிரம் ரூபா அளவில், அடுத்த வருடக் கடைசிக்குள் மூவாயிரம் அளவில். பத்து இலட்சம் வைத்திருந்தவனுக்கு ஆயிரம் பக்கெற் இருந்தது முந்நூறு சொச்சமானது. ஒருவரும் திருடவில்லை, ஒரு ரூபாவும் குறையவில்லை, புத்தகத்தில் அதே பத்து இலட்சம். அக்காவின் மேல்மாடி அங்கேதான் நின்றது.

இதே காலத்தில் என் பெறாமகன், அண்ணனின் மகன், என்ன செய்தான் என்று சொன்னால்தான் கதை முழுமையாகும். 2020இல் லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தான். வாங்காத பேச்சில்லை. "கடன்பட்டு ஊர் சுத்துறான்" என்று கடற்கரை வரை பேச்சு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள், பல வருடத்துக்கு அது திறக்கவில்லை. ஓடின வாகனம் புதிதின் விலையைத் தாண்டியது. அவனுடைய மாதக் கட்டுக்காசோ அன்றைக்கு எழுதின அதே இலக்கம். விலையெல்லாம் ஏற ஏற, அந்தக் கட்டுக்காசு ஒரு கிழமைச் சந்தைச் செலவாகச் சுருங்கியது. சேமித்தவன் தேய்ந்தான், கடன்பட்டவன் தப்பினான். பெற்றோல் இல்லாமல் அந்த மோட்டார் சைக்கிள் பல நாள் விறாந்தையில் நின்றது என்பதும், பிறகு கியூஆர் அட்டைக்கு வாரத்துக்கு 4 லீற்றர் கிடைத்ததும் வேறு கதை. அதற்காக லீசிங் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதே வருடங்களில் வேலை போய், கட்டுக்காசு தவறி, வாகனத்தைப் பறிகொடுத்தவர்களையும் எனக்குத் தெரியும்.

இந்தச் சேமிப்பு, செலவு என்கிற விவாதமெல்லாம் கையில் மாதக் கடைசியில் ஏதாவது மிஞ்சுகிறவர்களுக்குத்தான். மூதூர், வெருகல் பக்கத்தில் கிழமைக்குக் கிழமை நுண்கடன்காரன் வாசலில் வந்து நிற்கிற பெண்களிடம் போய் "காசின் அருமை" என்று பேசினால் விளக்குமாற்றால்தான் பதில் வரும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கவேண்டி வந்ததே போதும், நிலைமையைச் சொல்ல. அவர்கள் ஒவ்வொரு ரூபாவின் பெயரும் ஊரும் அறிந்தவர்கள்.

மருமகளிடம் வருகிறேன். இருபத்தாறு வயது. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து கணக்கு வேலை. உப்புவெளிக் கடற்கரைக் கடையில் ஒரு கோப்பிக்கு அவள் கொடுக்கிற காசில் அக்கா இரண்டு நாள் மரக்கறி வாங்குவார். அக்காவின் முழுக் குற்றப்பத்திரிகையும் அந்தக் கோப்பிதான். "எங்கட வீட்டில தேத்தண்ணி இல்லையோ?" ஆனால் அவளுடைய அறையைப் பார்த்தால் வேறு கதை தெரியும். அலுமாரியில் உடுப்பு ஒரு தட்டுக்கு மேல் இல்லை. நகை, காதில் ஒரு சோடி. புத்தகமெல்லாம் போனுக்குள். பழைய போனை விற்றுத்தான் புதுப் போன். யாராவது அவளுக்குப் பீங்கான் பூச்சாடி பரிசளித்தால் அடுத்த பிறந்தநாள் வீட்டுக்கு அது போய்விடும். கோப்பி உட்பட ஒவ்வொரு செலவும் போனில் பதிவாகிறது, மாதக் கடைசியில் அவள் அதைப் பார்த்து முகம் சுளிப்பதை நான் கண்டிருக்கிறேன். இன்னொன்று: அவளும் சீட்டுப் பிடிக்கிறாள். வட்ஸ்அப் குழுவில், கம்பஸ் சிநேகிதிமாரோடு. கழிவில்லை, குலுக்கல் மட்டும். "அவசரப்பட்டவளிட்ட இலாபம் எடுக்கிறது என்ன நியாயம் மாமா?" என்று கேட்டாள். கடைசிச் சீட்டெடுத்து இலாபம் பார்த்த எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை.

அவள் சேர்ப்பது போவதற்கு. இங்கிலாந்தில் ஒரு வருட மாஸ்ரஸ். அதற்கான பத்திரமெல்லாம் ஒரு கோப்பில், போனில் ஒரு பிரதி, இணையத்தில் ஒரு பிரதி. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பட்டச் சான்றிதழ், ஐஈஎல்ரீஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு, வங்கிக் கூற்று. மாணவ விசாவுக்குப் படிப்புக் காசும் சீவியச் செலவும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் குறையாமல் கிடக்கவேண்டும். செலவழிக்க அல்ல, காட்ட. இந்த 28 நாளுக்காகவே காசு கொடுத்து வட்டி வாங்குகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அரிசிக்கடியில் ஒளித்த காசை வங்கியில் காட்டவேண்டி வந்ததற்கு வெட்கப்பட்ட அப்பம்மாவின் பூட்டப்பிள்ளை, இல்லாத காசை வங்கியில் காட்டுவதற்கு வட்டி கட்டலாமா என்று கணக்குப் பார்க்கிறாள்.

விமானத்தில் 30 கிலோ கொண்டுபோகலாம், கையில் 7 கிலோ என்று அவள் ஒருநாள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது, எண்பதைத் தாண்டிய என் அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா வழக்கம்போலத் தொடங்கினார்: உனக்கென்று ஒரு வீடு, நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் இருக்க ஒரு இடம், காலகாலத்துக்கும் நிற்கிற சொத்து. அம்மா இடையில் வெட்டினார்.

"வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலுமோடி?"

அக்கா திகைத்துப்போனார். நானும்தான். அம்மா அக்காவின் பக்கம் நிற்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் திகைக்க ஒன்றுமில்லை. பேத்தியின் கோப்பும் அம்மாவின் றெக்சின் பையும் ஒரே சாமான்தான். இடையில் வந்த நாங்கள்தான் விதிவிலக்கு. சுவர் நிற்கும், வங்கி நிற்கும், ரூபா நிற்கும் என்று ஒரு பதினைந்து வருடம் நம்பினவர்கள். அந்த நம்பிக்கையைப் பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது இல்லாமல் இந்த ஊரில் ஒரு கல்லும் எழும்பியிருக்காது. ஆனால் அதை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சிக்கனம் படிப்பிக்க எங்களுக்குத்தான் தகுதி குறைவு.

அம்மா அத்தோடு விடவில்லை. அப்பா போன பிறகு கழற்றி வைத்த கொடியை எடுத்துவரச் சொன்னார். "இதை அடைவு வைச்சுப் பிள்ளையை அனுப்பு."

அடுத்த சண்டை அங்கே தொடங்கியது, இந்த முறை பாட்டிக்கும் பேத்திக்கும். மருமகள் போனில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மம்மா, அடைவு வைச்சா பெறுமதியில ஒரு பங்குதான் தருவாங்கள். வருச வட்டி வேற. நான் ரெண்டு மூண்டு வருசத்துக்கு மீக்கமாட்டன். வித்தா முழுக்காசும் வரும், வட்டியும் இல்ல."

"விக்கிறதோ?" அம்மாவின் குரல் எனக்கே பயமாக இருந்தது. "வச்சா அது என்ர. வித்தா அது போச்சு. நாப்பது வருசமா வச்சு வச்சு எடுத்தனான். ஒருநாளும் விக்கேல்ல."

இது உணர்ச்சி, கணக்கில்லை என்று மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய போனையே வாங்கி விலையைக் காட்டினேன். 2022 தொடக்கத்தில் 22 கரட் பவுண் ஒன்றேகால் இலட்சத்துக்குள் இருந்தது, 2025இல் மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு விற்றவனைவிட, அடைவு வைத்து வட்டி கட்டிக்கொண்டிருந்தவன் நன்றாகவே இருக்கிறான். நாளைக்கும் இப்படியே ஏறும் என்று எவராலும் எழுதித்தர முடியாது. ஆனால் எழுத்துக் கணக்கே பார்க்காத அம்மா இந்த ஒரு விடயத்தில் வங்கியைவிடக் கெட்டிக்காரியாக இருந்திருக்கிறார். மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பவும் தட்டினாள். "சரி, அப்ப பாதியை வைப்பம்" என்றாள்.

"கொடியை வெட்டுறதோ?" என்று அம்மா திரும்பவும் எழும்பினார்.

கடைசியில் முழுக் கொடியும் அடைவு போனது, அம்மாவின் பெயரில். கைநாட்டுப் போதும் என்றார்கள், அம்மா மாட்டேன் என்று கையெழுத்தே போட்டார். அடைவுச் சீட்டு றெக்சின் பைக்குள் இருக்கிறது. மேல்மாடிக்கென்று அக்கா வைத்திருந்த காசில் தொடமாட்டோம் என்பது மருமகளே வைத்த நிபந்தனை. அக்கா அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் மேசனுக்குப் போன் எடுத்துக் கூரை போட இப்போது எவ்வளவு முடியும் என்று விசாரித்தார். மேல்வீட்டை வாடகைக்குக் கொடுத்து அடைவு வட்டியைக் கட்டலாம் என்பது அக்காவின் யோசனை. லண்டனில் பகுதிநேர வேலை எடுத்து நானே கட்டுவேன் என்பது மருமகளின் வாதம். என் மகன்மார் இரண்டு பேருக்கும் வீடு கட்டத் தேவையில்லாதபடியால் வட்டியை நான் கட்டவேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. தை மாதம் முதல் தவணை வருகிறது.